ஒன்பது நொடி அழைப்பு

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ஓட்டக்காரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். எங்கள் லேப் பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஐசியூ புதிய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். நடுவில் நீளமாக ஒரு கண்ணாடிப் பாலம். யாருடைய ரத்தத்திலாவது ஆபத்தான அளவு தெரிந்தால், அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, மூன்று மாடி ஏறி, மூச்சிரைக்க டாக்டர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பாள். பத்தொன்பது வருஷம் அப்படி ஓடினாள். என்ன ஒரு கடமை உணர்ச்சி என்று எல்லாரும் மெச்சினார்கள். கடமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. போனில் இங்கிலீஷ் பேசப் பயம், அவ்வளவுதான். அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நானும் அதே லேபில்தான் வேலை பார்க்கிறேன். அவளைவிட நாலு வயது சின்னவள், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம் என்ன, நன்றாகவே நீளம். தமிழோ இங்கிலீஷோ, நான் பேச ஆரம்பித்தால் எதிராளிதான் போனை வைக்க வேண்டும். கோபமும் மூக்கு நுனியில் தயாராக இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததில் என் வாய்க்கும் பங்கு இருக்கிறது, கோபத்துக்கும் பங்கு இருக்கிறது.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ரத்தக் குழாயை மெஷினில் போட்டுச் சுழற்றி எடுத்தால், சிவப்பு கீழே தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பிடிப்பாள். மஞ்சளாக இருந்தால் நல்ல ரத்தம். லேசாகச் சிவப்பு ஓடியிருந்தால், ஊசி குத்தி எடுக்கும்போதே ரத்தம் உடைந்திருக்கிறது. அதில் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். நாங்கள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்போம், அவள் அதற்குள் “இது உடைஞ்ச ரத்தம், வேற எடுத்து அனுப்பச் சொல்லு” என்று அடுத்த குழாய்க்குப் போயிருப்பாள். தடித் தடியான இங்கிலீஷ் புத்தகமெல்லாம் வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்து முடித்துவிடுவாள். எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். பேச வேண்டும் என்றால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

லேபில் ஒரு விதி உண்டு. உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் அரை மணி நேரத்துக்குள் வார்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரிலும் அது ஏறிவிடும், ஆனால் அதை யார் எப்போது திறந்து பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. போனில் நோயாளியின் எண், பெயர், அளவு மூன்றையும் சொல்லி, எதிரில் இருப்பவரை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, அவர் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

“டாக்டர்கிட்ட போய், திருப்பிச் சொல்லுங்கன்னு நான் எப்படிடி சொல்றது?” என்பாள் அக்கா. “சரி, அதையாவது மனப்பாடம் பண்ணிடலாம். அவரு நடுவுல ஒரு கேள்வி கேட்டுட்டா?”

“கேட்டா பதில் சொல்லுங்க. நாக்கு என்ன அறுந்தா விழுந்துடும்?”

“உனக்கென்னடி, நீ பேசுவ.”

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் நடந்தது இது. பழகி ஆறு வருஷம் கழித்துத்தான் என்னிடமே சொன்னாள். ஒரு வார்டுக்குப் போன் செய்து, எழுதி வைத்திருந்ததை ஒப்பித்திருக்கிறாள். டாக்டர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். இன்னும் ஒரு தடவை என்றார். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டிருக்கிறது. அந்த டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டு, எல்லாரையும் கேட்கவிட்டிருக்கிறார். எவனோ ஒருவன் அவள் குரலிலேயே பேசிக் காட்டினான். அக்கா அளவைச் சொல்லி முடித்தாள், பதிவேட்டில் நேரம் எழுதினாள், பிறகு பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “யாருக்கா அந்த ஆளு? பேரச் சொல்லுங்க, நான் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.”

“அவரு எப்பவோ வேற ஊருக்குப் போயிட்டாரு. விடு. எனக்குத்தான் போன எடுத்தாலே காதுக்குள்ள அந்தச் சத்தம் கேக்குது.”

அதிலிருந்து அவள் போனைத் தொடாமல் காலம் தள்ளக் கற்றுக்கொண்டாள். அதற்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே, அந்தப் பாட்டில் பாதி பட்டிருந்தால் இங்கிலீஷில் மேடைப் பேச்சே பேசியிருக்கலாம். எந்த வார்டில், எந்த ஷிஃப்டில், தமிழ் பேசும் நர்ஸ் யார் இருக்கிறார் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த நர்ஸ் சாப்பிடப் போகும் நேரம்கூடத் தெரியும். பீரோக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: போனில் சொல்ல வேண்டிய இங்கிலீஷ், தமிழ் எழுத்தில். வேறு வழியே இல்லாமல் பேச வேண்டி வந்தால் முதலில் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுவாள், ரிசீவரை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள், பீரோவைத் திறந்து தாளைப் படிப்பாள், பிறகு எண்ணை அழுத்துவாள். அதற்குள் காது மடல் இரண்டும் சிவந்திருக்கும். பாதி நாள் அந்தப் பக்கம் மணி அடிக்கும்போதே வைத்துவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

இத்தனைக்கும் வீட்டில் அவள் கணவர் இருக்கிறாரே, அந்த மனிதருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. பஸ் மெக்கானிக். வெளிநாட்டுக்காரர் யாராவது வழி கேட்டால் போதும், கையைக் காலை ஆட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இங்கிலீஷ் பேசுவார். “இவரு பேசற இங்கிலீஷுக்குப் பயந்துதான் பஸ்ஸே ஸ்டார்ட் ஆகுது” என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், “எப்படிடி அவரால மட்டும் முடியுது?” என்று என்னிடம் கேட்பாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்பாள்.

பத்து வருஷமாக அவளுக்கான போன்களை நான் பேசினேன். “ஏய், கொஞ்சம் சொல்லிடேன்டி” என்று சீட்டை நீட்டுவாள். நான் பேசும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். டாக்டர் ஏதாவது கேட்டால் நான் அவளைப் பார்ப்பேன். அவள் தமிழில் காதோடு சொல்வாள், நான் இங்கிலீஷில் எடுத்துவிடுவேன். அறிவு அவளுடையது, வாய் என்னுடையது. உங்களைப் போலத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை என்று டாக்டர்கள் என்னைப் பாராட்டுவார்கள். நானும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொள்வேன். லீவு லெட்டரிலிருந்து வாடகை வீட்டுப் பத்திரம் வரை அவள் இங்கிலீஷில் கொடுக்க வேண்டியதையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவளுக்கு விருது கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் சிறந்த ஊழியர். முடிவுகளைத் தானே ஓடிப்போய்ச் சேர்க்கும் அர்ப்பணிப்புக்காக என்று மேடையில் வாசித்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “தேங்க் யூ, சார்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். என்ன அடக்கம் என்று அதற்கும் ஒரு கைதட்டல்! என் வயிறு எரிந்தது. ஆமாம், பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது? பத்து வருஷம் அவளுக்காகத் தொண்டை கிழியப் பேசியவள் நான், பதக்கம் ஓடியவளுக்கு.

அதோடு நின்றிருந்தால் ஆறியிருக்கும். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிப் பத்திரிகையில் அவளைப் பற்றி ஒரு பக்கம் போட்டார்கள். லேபில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று எடுத்த படம். அச்சில் பார்த்தால் அக்கா மட்டும் நிற்கிறாள், அவள் பக்கத்தில் என்னுடைய முழங்கை. அதைப் பார்த்த அன்றைக்கு நான் கொதித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். அவள் வெட்டச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது. அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கோபம் வந்தால் யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவில், விருது கொடுத்த கையோடு விதிகளையும் மாற்றியிருந்தார்கள். லேபுக்குப் புதிதாக ஒரு தலைமை அதிகாரி வந்திருந்தார். முடிவில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவரேதான் போனில் சொல்ல வேண்டும். நர்ஸிடம் சொல்லக் கூடாது, டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும். டாக்டர்கள் பல ஊர்களிலிருந்து வருகிறவர்கள், ஆகவே இங்கிலீஷில் மட்டும். எல்லா அழைப்பும் பதிவாகும். சீட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடக் கூடாது. அதே சமயத்தில் ஐசியூவுக்கும் புதுக் கதவு போட்டார்கள்: அந்த வார்டுக்காரர்களின் கார்டுக்கு மட்டும் திறக்கும், மற்றவர்கள் மணியடித்துவிட்டு நிற்க வேண்டும். விதி வந்த பிறகும் யாருக்கும் தெரியாமல் அக்காவின் போன்களை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் பெயரைச் சொல்லியே பேசினேன்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்குக் காலை பதினொன்றே காலுக்கு லேபில் நாங்கள் இருவர்தான். நான் மைக்ராஸ்கோப்பில் வெள்ளை அணு எண்ணிக்கொண்டிருந்தேன். நூறு எண்ண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள எண்ணும் கருவியில் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். நடுவில் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐசியூவிலிருந்து வந்த ஒரு குழாயை அக்கா மெஷினில் போட்டிருந்தாள். நாற்பத்தொரு வயதுப் பெண், சிறுநீரகம் கெட்டு முந்தின நாள் சேர்ந்தவள். பொட்டாசியம் ஏழு புள்ளி ஆறு. அக்கா குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமான மஞ்சள். திரும்பவும் மெஷினில் போட்டாள். ஏழு புள்ளி ஏழு. அந்த அளவில் இதயம் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம். உடனே தெரிந்தால் போடுவதற்கு ஊசி மருந்து இருக்கிறது. எங்கள் வேலையில் இருக்கும் யாருக்கும் இது தெரியும்.

“ஏய், ஏழு புள்ளி ஏழுடி. ரத்தம் உடையவே இல்ல, நல்ல ரத்தம்.”

“சரி.”

“ஐசியூ. கொஞ்சம் சொல்லிடேன்.”

நான் தலையைத் தூக்கவில்லை. “கையெழுத்துப் போட்டவங்கதான் பேசணும்னு ரூல் இருக்குல்ல?”

“இன்னிக்கு மட்டும்டி.”

“பதக்கம் வாங்கினவங்க பேசட்டும். நான் வெறும் முழங்கைதான?”

அவளுக்குப் புரியவில்லை. என்ன முழங்கை என்று கேட்கவும் இல்லை. இரண்டு நிமிஷம் தவிக்கட்டும், திரும்பக் கேட்டால் பேசிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஸ்பிரிட் வாடை வந்தது. பீரோக் கதவு திறந்தது. எண்களை அழுத்தினாள். நான் அவளுக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் பலமாகப் பொத்தானைத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

“குட் மார்னிங், டாக்டர். திஸ் இஸ் லேப்.”

அந்தப் பக்கக் குரல் மூன்று அடி தள்ளியிருந்த எனக்கே கேட்டது. சின்ன வயதுக் குரல், அவசரக் குரல். யார் பேசுவது, சத்தமாகப் பேசுங்கள், இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று படபடவென்று இங்கிலீஷில் கொட்டியது. அதட்டல்கூட இல்லை, அவசரம்தான்.

“டாக்டர்... பேஷன்ட்...” என்றாள் அக்கா.

“வாட்?”

ரிசீவரை வைத்துவிட்டாள். மொத்தம் ஒன்பது நொடி என்று பிறகு பதிவில் தெரிந்தது.

நான் இன்னும் நாலு அணு எண்ணிவிட்டு, “என்னக்கா, வச்சுட்டீங்களா?” என்று திரும்பினேன். நாற்காலி காலி. சீட்டையும் காணோம். கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஓடிவிட்டாள். போனுக்கும் எனக்கும் மூன்று அடிதான். எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எண்பத்தாறு எண்ணியிருந்தேன், இன்னும் பதினாலு பாக்கி. ஓடிட்டாள்ல, ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிடுவாள் என்று மறுபடியும் குனிந்துகொண்டேன்.

அவள் சரியாக ஐந்து நிமிஷத்தில்தான் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். பதினொன்று முப்பத்தொன்பது, கேமராவில் இருக்கிறது. மணியை அடித்தாள். நோயாளிகளின் உறவினர்கள் நாள் முழுக்க அடிக்கிற மணி அது, யாரும் உடனே திரும்பிப் பார்ப்பதில்லை. கதவின் கண்ணாடி வழியாக அவளுக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது. இரண்டு நிமிஷம் நின்றாள். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு கட்டிலை நோக்கி ஓடினார்கள். ஒருவர் கட்டில் மேல் ஏறி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். சீட்டில் எழுதியிருந்த கட்டில்தான் அது என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. சீட்டைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மணியை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர்கள் கைக்குக் கிடைத்த வைத்தியத்தையெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள், இதயம் ஏன் நின்றது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அது இவள் கையில் இருந்தது. ஒரு நர்ஸ் வந்து கதவைத் திறந்தபோது பதினொன்று ஐம்பது. சீட்டை வாங்கிப் படித்துக்கொண்டே அந்த நர்ஸ் உள்ளே ஓடினாள். பன்னிரண்டேகாலுக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

“கதவ உடைக்கிற மாதிரி கத்தியிருக்கலாமேக்கா!” என்று பிறகு கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்ததோ.

“கத்தத்தான் பாத்தேன். என்னன்னு கத்தறது? அந்த ஷிஃப்டுல தமிழ் நர்ஸும் இல்ல, உள்ள இருக்கறவங்க எல்லாம் இங்கிலீஷ். என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள அடுக்கிட்டே இருந்தேன்டி. அடுக்கி முடிக்கறதுக்குள்ள...”

கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவர் உட்கார்ந்திருந்தாராம். மடியில் மனைவியின் கைப்பையும் செருப்பும். “உள்ள என்னம்மா நடக்குது? எல்லாரும் ஓடறாங்களே?” என்று தமிழில்தான் கேட்டிருக்கிறார். தெரியலீங்க என்று சொன்னாளாம். அதைச் சொல்லும்போதுதான் அக்கா என் எதிரில் முதல் தடவையாக அழுதாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் தலைமை அதிகாரி எல்லாரிடமும் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். இங்கிலீஷில். இரண்டு நாளில் விசாரணை. அக்கா வழக்கம் போல என்னிடம் வந்தாள். பொருள்கள் வைக்கும் அறையில் உட்கார்ந்தோம். அவள் ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள், நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். மெஷினில் போட்டது, திரும்பப் போட்டது, ரத்தம் உடையாதது எல்லாம் அடித்தேன். “அப்புறம் உன்கிட்ட கேட்டேன்” என்றாள். என் விரல் நின்றுவிட்டது.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் அந்த வரியை அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, அப்போது லேபில் நான் தனியாக இருந்தேன் என்று அவள் சொல்வது போல அடித்தேன். என்னுடைய காகிதத்தில், பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கீழே ரத்தம் எடுக்கும் அறையில் இருந்தேன் என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். எனக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். போன உயிர் திரும்பியா வரப்போகிறது, இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசல் பேச்சுக்காரி, என்னையே பேசி மயக்கிவிட்டேன்.

அச்செடுத்துக் கொடுத்ததும் அவள் வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இங்கதான கையெழுத்து?” என்றாள். போட்டுக் கொடுத்தாள்.

விசாரணையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வெளியிலிருந்து வந்த பெரிய டாக்டர், தமிழ் தெரியாதவர், நல்ல மரியாதையான மனிதர். சுவரோரம் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். முதலில் அந்த ஒன்பது நொடியைப் போட்டுக் காட்டினார்கள். அறை முழுக்க அக்காவின் குரல், குட் மார்னிங் டாக்டர். அவள் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

ஏன் போனை வைத்தீர்கள் என்று கேட்டார்.

“சாரி, சார்.”

மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. பயப்படாதீர்கள், காரணம் தெரிந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும் என்றும் சொன்னார்.

“சாரி, சார்.”

அவர் காகிதத்தைப் புரட்டினார். உங்களுக்கு உதவ அப்போது லேபில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. “ஐ வாஸ் அலோன் இன் த லேப், சார்” என்றாள். திக்கவில்லை, குரல் கம்மவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முன்பின் தெரியாதவர்கள் எதிரில் அவள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பினார். அது சரியா என்று கேட்டார்.

“எஸ், சார்” என்றேன்.

அதற்குமேல் அவர்களுக்குக் கேட்க எதுவும் இல்லை. அவளை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் பேசினார்கள். காரணமில்லாமல் அழைப்பைத் துண்டித்தார், விதியை மீறி இடத்தைவிட்டுப் போனார். அன்றோடு வேலை போயிற்று. விருதையும் சேர்த்து ரத்து செய்தார்களாம், அதையும் ஒரு வரியாக எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் கணவருக்கும் ஒரு பிரதி போகும் என்றார்கள்.

வராந்தாவில் அக்கா தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“வேற எப்படிடி சொல்றது? நீ எழுதினதுல அப்படித்தான இருந்துச்சு?” கோபமும் இல்லை, குத்தலும் இல்லை, களைப்பாகத்தான் பேசினாள். “இல்லன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. நீ இருந்தது, நான் கேட்டது, நீ மாட்டேன்னு சொன்னது, முன்னாடியெல்லாம் நீ பேசினது, எல்லாத்தையும் முதல்லருந்து இங்கிலீஷ்ல சொல்லணும். நடுநடுவுல கேள்வி கேப்பாங்க. அவ்வளவு எனக்கு எங்க வரும்? இது சின்னதா இருந்துச்சு. சொல்லிட்டேன்.”

விசாரணை அறையின் கதவு திறந்தேதான் இருந்தது. மூன்று பேரும் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்ன அத்தனையையும் என்னால் சொல்லியிருக்க முடியும். ஒரு தப்பில்லாமல், மூச்சு விடாமல், கேட்கிற கேள்விக்கெல்லாம் பதிலோடு சொல்லியிருக்க முடியும். அக்கா பீரோச் சாவியை என் கையில் கொடுத்தாள். நான் அதை வாங்கிக்கொண்டு லேபுக்குத் திரும்பிப் போனேன்.